சாமி கொடுத்தாலும்

கூடாரவல்லிக் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோவில் மண்டபம் முழுக்க நெய் மணக்கிறது. தூணோரம் உட்கார்ந்திருக்கும் காஞ்சனா, நாலு வயது மகள் பத்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாரு குடுத்தாலும் என்ன சொல்லணும்?" என்கிறாள். "பால் எனக்கு ஆகாது, வேண்டாம்" என்று பத்மா பாட்டுப் போல ஒப்பிக்கிறாள். அவள் பாவாடைச் சரிகையில் இளவெயில் மின்னுகிறது. அவள் வயதுப் பிள்ளைகள் பாலில் குழைத்த அக்காரவடிசில் ஒட்டிய விரல்களை நக்கிக்கொண்டே போகிறார்கள். தெரிந்த பட்டர் ஒருவர் ஆவி பறக்கும் தொன்னையோடு வந்து குனிகிறார். பத்மா சட்டென்று கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்கிறாள். பட்டர் சிரிக்கிறார். "பிரசாதம்டி கொழந்தே, ஒண்ணும் பண்ணாது." காஞ்சனா பதறி எழுகிறாள். "இல்லை மாமா, போன மாசம் ஒரு வாய் பாயசத்துக்கே ஒதடெல்லாம் வீங்கி மூச்சு திணறிடுத்து. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு ஓடினோம்." கொடுக்கவும் துணியாமல், நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவும் மனமில்லாமல் பட்டர் நிற்கிறார். பத்மா தொன்னையைப் பார்க்கிறாள். பிறகு சன்னதியைப் பார்க்கிறாள்.

"சாமி குடுத்தாலும் வேண்டாமாம்மா?"

உள்ளே கேட்டுவிடுமோ என்று பயந்தவள்போல் காஞ்சனா மகளின் காதருகே குனிகிறாள். "சாமி குடுத்தாலும்தான்."

"எனக்கு ஆகாதுன்னு சாமிக்குத் தெரியாதா?"

பட்டர் ஏதாவது சொல்லமாட்டாரா என்று காஞ்சனா நிமிர்ந்து அவரைப் பார்க்கிறாள். அவர் காஞ்சனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.