பெரியப்பா வரும் நேரம்

நான் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் மூன்று சிகரெட்டுகள் ஒரே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போயின.

அடி அண்ணாமலையில் ராஜம்மாளின் டீக்கடை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எல்லாம் எங்கள் வகையறா. இரண்டு பேர் கீழே போட்டு மிதித்துவிட்டார்கள். என் தம்பி மகன் பாலாஜி மட்டும் அப்போதுதான் பற்றவைத்திருந்தான் போலிருக்கிறது. போட மனமில்லாமல் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் தோளுக்கு மேலே எழுந்த புகை அவனைக் காட்டிக்கொடுத்தது.

எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் எதிரில் யாரும் புகைப்பதில்லை. பாலாஜியின் அப்பனுக்கு அறுபது வயதாகிறது. என் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் பீடியைக் கீழே போட்டுவிடுவான்.

நான் உட்கார்ந்தேன். அவர்கள் உட்காரவில்லை.

காற்று என் பக்கம் திரும்பியது.

முதலில் தொண்டை கேட்கும். பிறகு விரல்கள் கேட்கும். கடைசியில் மனம் மிகவும் மரியாதையாகப் பேச ஆரம்பிக்கும். ஒன்றே ஒன்று, பெரியவரே, யாருக்குத் தெரியப் போகிறது?

சட்டைப்பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டேன். நாக்கு மரத்துப்போனதுதான் மிச்சம்.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து படுத்து எழுந்ததும், குலதெய்வம் கோயிலில் எல்லோர் முன்னாலும் இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். எங்களிடம் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. சாராயத்தை விடுகிறேன் என்று அதே சத்தியத்தைச் செய்துவிட்டு மீறிக் குடித்தான் என்று என் சித்தப்பா மகன் தசரதனை ஒரு நிச்சயதார்த்தச் சபையிலிருந்து எழுப்பி அனுப்பியவனே நான்தான்.

அந்த நான், மார்கழியில் ஒரு சாயங்காலம் ஒன்றைப் பற்றவைத்தேன். மறுநாள் இரண்டு. பிறகு கணக்கில்லை.

என் மனைவி வெள்ளையம்மாள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது முகர்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"வர்ற மாசம் நம்ம தென்றலுக்கு நிச்சயம். பெரியப்பான்னு நீங்கதான் தட்டு மாத்தணும். எந்தக் கைய நீட்டி வாங்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

தென்றல், பாலாஜியின் தங்கை.

விட்டுவிடுகிறேன் என்றேன். இந்த முறை கற்பூரம் ஏற்றவில்லை. அவள் தலையாட்டவும் இல்லை. அவள் நம்பவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. நானே நம்பவில்லை.

மறுநாள் காலையிலிருந்து இங்கே வருகிறேன். நிலத்தைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ராஜம்மாள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். கிளாஸை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்திருப்பதைக் கவனித்து, கையை மாற்றிக்கொண்டேன்.

"பெரியப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சிக்க மாட்டீங்களே," என்றான் பாலாஜி. "செங்கம் ரோட்டுலேர்ந்து தெனம் இவ்ளோ தூரம் வந்து எங்கள காவல் காக்கறீங்க. உங்களுக்கும் அலைச்சல் ஜாஸ்தி. நாளையிலேர்ந்து நாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிடறோம்."

"போங்கடா, மகராசனுங்களா. நீங்க சிகரெட்ட தேச்சு அணைக்காம என் பெஞ்சு காலாவது தப்பிக்கும்," என்றபடி ராஜம்மாள் பால் எடுக்க உள்ளே போனாள்.

நான் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மூவரும் பைக் பக்கம் நடந்தார்கள்.

பாலாஜி போகிறபோக்கில் கையிலிருந்ததை நழுவவிட்டிருந்தான். மிதிக்க மறந்துவிட்டான்.

என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. முக்கால்வாசி அப்படியே இருந்தது. நுனியில் நெருப்பு இருந்தது.

கடையில் யாருமில்லை. சாலையில் கிரிவலம் போகிறவர்களும் யாருமில்லை. மலை மட்டும் இருந்தது. அது யாரிடமும் போய்ச் சொல்லாது.

எங்கள் பக்கத்தில் என்னைப் பற்றிச் சொல்லும்போது, யாருக்கும் முதுகு வளையாதவர் என்பார்கள்.

அது வளைய ஆரம்பித்திருந்தது.

"டேய் பாலாஜி!"

என் குரல்தானா என்று இருந்தது. அவன் ஓடிவந்தான். நான் குனிந்து நீட்டியிருந்த கையைப் பார்த்தான். கை சுட்டிய இடத்தில் புகைந்துகொண்டிருந்ததையும் பார்த்தான். சட்டென்று மிதித்து நசுக்கினான்.

"தப்புதான் பெரியப்பா. கவனிக்கல."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு மூணு பேரும் இங்க நிக்கணும். வேற எங்கயாவது போனீங்கன்னு தெரிஞ்சுது, கால ஒடிச்சிடுவேன்."

பைக்கில் இருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பாலாஜிக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இன்னா பெரியப்பா இது? ஏன், உங்க வீட்டாண்ட ஒரு டீக்கடைகூட இல்லியா?"

"இங்க டீ நல்லாருக்கு," என்றேன்.

நான் வாய் வைக்காத டீயின் மேல் ஏடு படிந்திருந்தது.

செங்கம் சாலையில் நாங்கள் இருக்கும் என் மகன் வீட்டுக்கு அடுத்த கட்டிடத்திலேயே கடை இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களும் வாடகை அறைக்காரர்களும் வந்துபோகிற கடை. மார்கழியில் நான் போனது அங்கேதான். நான் நுழைந்தால் யாரும் எழுந்திருப்பதில்லை.

கையில் இருப்பதை யாரும் மறைப்பதுமில்லை.