ணைனலே

முப்பத்தெட்டு நோட்டுகள் பார்த்தாயிற்று. முப்பத்தெட்டிலும் ஒரே பிழை.

டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

பிழை நோட்டு அவளே கொண்டுவந்த வழக்கம். பிளஸ் டூ கம்ப்யூட்டர் வகுப்பில் நிரல் எழுதிக் காட்டினால் மட்டும் போதாது. அடிக்கும்போது என்ன தப்பு வந்தது என்பதையும் எழுத வேண்டும். தப்பு செய்தவளுக்குத்தான் மதிப்பெண்.

இந்த வருஷம் தப்பையும் ஏஐயே எழுதிக் கொடுக்கிறது. அதுவும் என்ன நேர்த்தி!

'முக்காற்புள்ளி விடுபட்டது. வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டது.'

நாளை செய்முறைத் தேர்வு. வேறு பள்ளியிலிருந்து ஆசிரியர் வருவார். நெட் இருக்காது. பிள்ளைகள் வெறும் திரையைப் பார்த்து முழித்துக்கொண்டிருப்பார்கள்.



கடைசி நோட்டு ஜெனிஷாவுடையது.

'பிரிண்ட் என்று அடித்தேன். ணைனலே என்று வந்தது.'

டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

தமிழில் தட்டச்சு செய்துவிட்டு, கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்திருக்கிறது கழுதை; பிரிண்டுக்கான விசைகளில் தமிழ் எழுத்து விழுந்திருக்கிறது. எந்த ஏஐக்கும் இந்தத் தப்பு வராது. இது விரல் செய்த தப்பு.

ஒருத்தியாவது தானாக அடித்திருக்கிறாள். டீச்சருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

ஜெனிஷாவை லேபுக்குக் கூப்பிட்டு, நெட்டைப் பிடுங்கிவிட்டு, புதிதாக ஒரு நிரலைச் சொன்னாள். பிள்ளை அடித்தது. ஓரிடத்தில் நின்றது, யோசித்தது, அழித்தது, திரும்ப அடித்தது.

நிரல் ஓடியது.

"நான் நடத்துனது ஒனக்காவது புரிஞ்சுதே."

ஜெனிஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கிளாஸ்ல புரியல டீச்சர். திரும்பக் கேட்டா ஏசுவீங்கன்னு ஏஐகிட்ட தமிழ்ல கேட்டேன். எத்தன தடவ கேட்டாலும் சொல்லிச்சு. புரிஞ்ச பொறவு நானேதான் அடிச்சேன். தமிழ மாத்த மட்டும் மறந்துட்டேன்."

டீச்சர் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதுகிட்ட என்ன கேட்ட?"

ஜெனிஷா சொன்னாள். சின்னக் கேள்விதான்.

ஜூலை மாதம் வகுப்பில் அதே கேள்வியை டீச்சரிடம் கேட்டிருந்தாள் ஜெனிஷா. அதற்காகப் பீரியட் முடியும்வரை நிற்க வைக்கப்பட்டிருந்தாள்.