நானோப் பொடி

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தீர்ப்புக்கு நிற்பவனைப் போல அவன் கைகட்டி நின்றான்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"நானோப் பொடி அரைக்கிற கம்பெனி சார். புற்றுநோய் மருந்தை உடம்புக்குள்ள சுமந்துட்டுப் போற பொடியாம். கண்ணுக்கே தெரியாது."

மனைவியின் காதில் விழாதபடி டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அது நுரையீரல்ல போய் உட்கார்ந்திருக்கு. முக்கால்வாசி போச்சு. இனி மருந்துக்கு அடங்காது."

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார்.

"கம்பெனியில மாஸ்க் தர்றதில்லையா?"

"அது இல்லாம ஒருநாளும் உள்ளே போனதில்ல சார். போனா இவ என்னை உரிச்சு உப்புத் தடவிடுவா."

"அப்போ பொடி எப்படி வந்துச்சு? வேலை உடுப்பை எங்கே துவைக்கறீங்க?"

அவனுக்கு விஷயம் உறைத்தது. கட்டிலில், மூக்கில் குழாயோடு கிடந்த மனைவி மூச்சிரைக்க முந்திக்கொண்டாள்.

"கம்பெனியில கடனேன்னு துவைப்பாங்க டாக்டர். நான்தான் வீட்டுக்குக் கொண்டாரச் சொல்லி, தினமும் நல்லா உதறித் துவைக்கறேன். இந்த மனுஷன் நெஞ்சுல பொடி போயிடக் கூடாதுல்ல?"