நண்டு கரையேறிய நாள்

"ஊர்த் தண்ணிய எவன்டா தொறந்து விட்டது?"

கண்மாய்க் கரையில் ஊர்த் தலைவரான அம்பலம் ஆத்மநாதன் போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது.

மழைக்காலம் ஓய்ந்ததும், கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வெளியேறும் கலிங்கின் கற்களுக்கு நடுவே களிமண்ணை அடைத்து, வழிந்தோடும் தண்ணீரையும் தேக்கிக்கொள்வது அந்த ஊர் வழக்கம். ஊரார் பயிருக்கு இன்னும் இரண்டு முறை தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அந்த மண்ணைத்தான் மடை காக்கிற கருப்பன் காலையிலிருந்து வெட்டி எடுத்திருந்தான். தண்ணீர் நேரே கலிங்குக்குக் கீழே இருந்த அவன் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

"ஒன் வயலுக்குப் பாய்ச்சத்தான் இந்த வேலையா?"

"இல்லீங்கய்யா. நண்டெல்லாம் வளையை விட்டுக் கரையேறுது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கிட்டுப் பனையில ஏறுது. பெருமழை வருதுங்க. மண்ணை எடுக்கலைன்னா கரை தாங்காது."

வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

"எறும்புக்குப் புதுக்கோட்டையிலேருந்து தந்தி வந்துச்சாக்கும்."

கூட்டம் சிரித்தது. சிரிக்க மட்டும் எந்த ஊரிலும் ஆள் பஞ்சம் கிடையாது. கருப்பன் மனைவி மருதாயி இடுப்பில் கதிரரிவாளோடு ஒதுங்கி நின்றாள். அது எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை.

"விடியிறதுக்குள்ள மழை வரலைன்னா மடை வேலையும் இல்ல, ஊர்ல ஒனக்கு எடமும் இல்ல."

"சரிங்கய்யா."

ஆத்மநாதன் வீடு போய்ச் சேருவதற்குள் காற்று மாறியது. பிறகு கொட்டியது பாருங்கள், அப்படியொரு மழை.

விடிந்தபோது சுற்றுவட்டாரத்தில் மூன்று கண்மாய்கள் உடைந்திருந்தன. இந்தக் கரை மட்டும் அசையாமல் நின்றது. கலிங்கில் வெள்ளம் குதித்தோட, கரையில் ஊரே கூத்தாடியது. தப்பு மேளம் முழங்கியது.

ஐயனார் கோயிலில் வருஷா வருஷம் தனக்குக் கட்டுகிற பரிவட்டத்தை ஆத்மநாதன் கையில் எடுத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"வாடா கருப்பா. நண்டுக்கும் எறும்புக்கும் இருக்கிற புத்தி எனக்கு இல்லாமப் போச்சு. இன்னைக்கி மொத மரியாதை ஒனக்குத்தான்."

கட்டிவிட்டார். ஊர் ஆரவாரம் செய்தது. கருப்பன் கூச்சத்தோடு கைகூப்பினான்.

"அய்யா, உத்தரவு குடுத்தா வயலுக்குப் போயிட்டு வாரேன்."

"இப்ப என்னடா அவசரம்? ஒன் வயல்லதான் தண்ணி தளும்புதே."

"அதாங்கய்யா. நேத்து அறுக்க வேண்டிய நெல்லு. ஏதாச்சும் மிஞ்சிருக்கான்னு மருதாயி தேடிக்கிட்டிருக்கா."