முற்றுப்புள்ளியை மறுத்த நாவல்

"இல்லாத அத்தியாயத்தைப் பத்தி இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கீங்களே அம்மா, கை கூசலையா?"

பேராசிரியர் ஆய்வேட்டை மேஜைமேல் போட்ட வேகத்தில் தேநீர்க் கோப்பைகள் ஆடின. எதிரே டீச்சர், மடியிலிருந்த துணிப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட வேலைக்கு நடுவே ஏழு வருடம் எழுதிய ஏடு. இன்றைய வாய்மொழித் தேர்வில் அவர் கையெழுத்து விழுந்தால் டாக்டர் பட்டம், கல்லூரி வேலை. விழாவிட்டால் ஏழு வருடமும் எடைக்குத்தான்.

அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டுக் கிளம்பிய பையன் ஊர் உலகம் பார்த்து ஆளாகிற பழைய நாவல்தான் அவள் ஆய்வுக்கு எடுத்தது. அதன் கருப்பொருள்கள் பற்றிப் பேராசிரியர் எழுதிய 'முற்றுப்புள்ளியை மறுத்த நாவல்' நானூறு பக்கம். மூலத்தைவிட நூறு பக்கம் கூடுதல்.

"கடைசி வரி என்ன? 'பாலத்தின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தபோது'. அவ்வளவுதான். முற்றுப்புள்ளி கிடையாது. ஏன்? வளர்ச்சிக்கு முடிவு கிடையாது. சாதாரண எழுத்தாளன் இப்படி நிறுத்துவானா?"

"நிறுத்தவே மாட்டான் ஐயா" என்றார் பக்கத்திலிருந்த நெறியாளர். டீச்சரின் ஆய்வை ஏழு வருடம் மேற்பார்த்தவர். அதற்கு முன்பே பேராசிரியரின் மாணவர். "நான் அப்பவே சொன்னேன், டீச்சர் கேக்கலை."

"நீங்க என்னடான்னா, பையன் வீட்டுக்குத் திரும்பி வரான், அப்பா முன்னாடி நின்னு 'தப்பு என் மேலதான்'னு சொல்றான், அந்த ஒரு வார்த்தையிலதான் அவன் ஆளாகிறான்னு எழுதியிருக்கீங்க. எந்த வீட்டுக்கு வந்தான்? உங்க வீட்டுக்கா?"

"நீங்க எந்தப் பிரதியில படிச்சீங்க ஐயா?"

பேராசிரியர் ரப்பர் பேண்டு போட்ட தன் பிரதியைத் தூக்கிக் காட்டினார். நாவல் அச்சில் இல்லாமல் போய் முப்பது வருடம். துறையில் படித்தவர்கள் எல்லாரும் இதன் ஜெராக்ஸில்தான் படித்தார்கள். நெறியாளர் கையிலிருந்த நகலில், பாலம் வரும் கடைசி வரியின்மேல் என்றோ சிந்திய காப்பிக் கறைகூட அப்படியே விழுந்திருந்தது.

டீச்சர் பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து நகர்த்தினாள். "பழைய பேப்பர் கடையில கிடைச்சது. உங்களது முன்னூத்தி நாலு பக்கம் ஐயா. இது முன்னூத்தி இருபது."

பேராசிரியர் பாலத்தைத் தேடிப் பிடித்தார். 'திரும்பிப் பார்த்தபோது' இருந்தது. பக்கத்தைத் திருப்பினார். 'குடையை டீக்கடையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.' முற்றுப்புள்ளியும் இருந்தது.

அவர் பதினாறு பக்கத்தையும் படித்தார். குடைக்காகத் திரும்பியவன் வீடு வரைக்கும் போய், வாசலில் நனைந்தபடி அப்பாவிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிற இடத்தில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

டீச்சருக்கே பாவமாகிவிட்டது. "பைண்டிங்ல விட்டுப்போயிருக்கும் ஐயா. யாருக்கும் நடக்கிறதுதான்."

"என்ன எழுத்து!" என்றார் பேராசிரியர். "மனுஷன் தன் தப்பை ஒத்துக்கிறதைவிடப் பெரிய வளர்ச்சி எதும்மா இருக்கு?"

நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். பேராசிரியர் பேனா மூடியைத் திறந்தார்.

"கையெழுத்துப் போட்டுடறேன் அம்மா. உங்க புத்தகத்துல பதினாறு பக்கம் அதிகமா இருக்கு, கிழிச்சிட்டு வந்துடுங்க."