ஜே போட்ட தொண்டை

சொர்ணம்மாள் மிளகு தட்டிப் போட்ட வெந்நீரை நீட்டினாள்.

“தம்பானூர்க் கூட்டத்தில மகனுக்கு ஜே போட்டே தொண்டையைக் கெடுத்துக்கிட்டீங்களே! அவன் நல்லாப் பேசினானா?”

கணவன் வேலப்பன் டம்ளரை வாங்கிக்கொண்டார். குரல் அடியோடு போயிருந்தது.

மகனின் சிநேகிதன் பகவதிப்பெருமாள் ஓடிவந்தான். நெற்றியில் ரத்தம்.

“அம்மா, திரவியத்தைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க.”

“ஐயோ! மேடையில என்னடா பேசினான்?”

“பேசவே விடல்லை. மைக்கைப் பிடிச்சதும் பின்னாலிருந்து ஒருத்தன் ‘ஊ’ன்னு கூவினான். கூட ஒரு கூட்டமே கூவிச்சு. நம்ம ஆளுக கோபத்தில அவங்க மேல கல்லெறிஞ்சாங்க. தூண்டிவிட்டது திரவியம்தான்னு கேஸ்.”

“அப்படி என்னதான் சொல்ல வந்தான்?”

“போலீஸ் காத்து நிக்குது, ஊர்வலம் வேண்டாம், அமைதியா வீட்டுக்குப் போங்கன்னு சொல்லத்தான் ஏறினான். அவன் சொன்னாத்தான் எல்லாரும் கேப்பாங்க.”

“கூவினவன் நாசமாப் போக!” என்றாள் சொர்ணம்மாள்.

வேலப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

அன்று காலை, தெரிந்த மலையாளப் போலீஸ் ஏட்டு ஒருவர் அவரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: “தெற்குத் தாலுக்காக்களைத் தமிழகத்தோட சேர்க்கணும்னு உம்ம மகன் இன்னைக்கு மேடையில பேசினா, உள்ளே தள்ளிடுவாங்க, கேட்டோ.”

அந்தப் பேச்சு யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் வேலப்பன் கூட்டத்தின் கடைசியில் நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, முதலில் கூவினார்.

“சீக்கிரம் குடிச்சிட்டுக் கிளம்புங்க,” என்றாள் சொர்ணம்மாள். “ஸ்டேஷன்ல நம்ம பிள்ளைக்காக நீங்கதானே பேசணும்!”

வேலப்பன் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.