வசந்தகுமாரின் சிற்றுரை

“சிறுமை என்ற பண்போடு உரை சேர்ந்தால் சிற்றுரை. ஆக, சுருங்கச் சொல்வதே பேச்சுக்கு அழகு” என்று வசந்தகுமார் மைக்கில் விளக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

கும்மிடிப்பூண்டி மண்டபத்தில் நந்தினிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை விமலைத்தான் காணவில்லை. ராகு காலம் பிறப்பதற்குள் தட்டு மாற்றவில்லை என்றால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று நந்தினியின் பெரியப்பா சொல்லிவிட்டார்.

நந்தினியின் அப்பா ராஜமாணிக்கம் மேடை ஓரமாக நின்று போன் செய்தார்.

“இன்னும் அங்கயேதான் கீறீங்களா மாப்ள?”

“கம்பெனிலதான் மாமா. அடுத்த ஷிப்டுக்கு என்னை மாத்திவிட வேண்டிய ரிலீவர் வரல. போனும் எடுக்க மாட்றான். பாய்லர உட்டுட்டு எப்டி வர்றது?”

“நிச்சயத்தன்னிக்கு இன்னாத்துக்கு டூட்டிக்குப் போனீங்க?”

“லீவு தரல மாமா. காலை ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வந்துடலாம்னு பார்த்தேன்.”

இதை வெளியே சொன்னால் கௌரவம் என்னாவது? மாப்பிள்ளையின் கார் டிராபிக்கில் நிற்கிறது என்றே ராஜமாணிக்கம் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய விமலின் நண்பன் வசந்தகுமாரைப் பிடித்து மைக்கைக் கொடுத்தவரும் அவர்தான். பட்டிமன்றங்களில் பேசுகிறவன். கூட்டத்தைக் கலையவிட மாட்டான்.

வசந்தகுமார் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தான். தோளில் டிபன் பை ஆடியது.

“நான் கெளம்பணும் சார். ஏற்கெனவே லேட்டு.”

“மாப்ளைக்கு ஃப்ரெண்டுன்ற, இந்த ஒதவி கூட பண்ண மாட்டியா? பேசு நைனா.”

அவன் நிமிர்ந்தான். “சுருக்கமாக உரை எழுதினால் அதற்குக் காண்டிகை என்று பெயர். விரித்து எழுதினால் விருத்தி. முதலில் விருத்தியை விரிவாகப் பார்ப்போம்.”

“இவன் முடிக்கிறதுக்குள்ள கொழந்தைக்குக் காது குத்தே வந்துடும்” என்றார் முன்வரிசையில் ஒருவர்.

பெரியப்பா எழுந்து செருப்பைத் தேடினார். நந்தினி அழ ஆரம்பித்தாள்.

ராஜமாணிக்கம் மறுபடியும் விமலைக் கூப்பிட்டார்.

“யாரு மாப்ள அந்த ரிலீவரு? பேரச் சொல்லுங்க. எங்க இருந்தாலும் ஆள் அனுப்பித் தூக்கினு வர்றேன்.”

பதிலைக் கேட்டவர் மெல்ல மேடையின் பக்கம் திரும்பினார்.

“தம்பி, மைக்க வெச்சிட்டு டூட்டிக்குப் போ.”